முன்பாட்டு இல்லாத பாட்டு

ஒத்தவேலங்கோட்டைக்கு எட்டுப் பொம்பளைகள் ஒரு பாட்டுக்குள்ளிருந்து இறங்கி வந்த அன்றைக்கு வெயில் வழக்கம்போலத்தான் அடித்தது, சந்தையில் கத்தரிக்காய் வழக்கம்போலத்தான் சொத்தையாக வந்தது, பஸ் ஸ்டாண்டில் திருநெல்வேலி வண்டிக்காரனும் கோவில்பட்டி வண்டிக்காரனும் யார் முதலில் எடுப்பது என்று வழக்கம்போலத்தான் மாறி மாறித் திட்டிக்கொண்டிருந்தார்கள், நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் ஒரு நடை போய் அந்த ஊரில் எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம், “ஆமா, வந்தாக, அதுக்கென்ன?” என்றுதான் பதில் வரும்.

வரவழைத்தவள் முப்பிடாதி. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் இடது பக்கம், கட்டணக் கழிப்பறைக்கும் செய்யது பாயின் பரோட்டாக் கடைக்கும் நடுவில், ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் கால் வெளியே தெரிகிற அளவுக்கு அவளுடைய பாட்டுக்கடை இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவள், பழைய சேலைக்குப் பிளாஸ்டிக் குடம் மாற்றியவள், செல்போனுக்குக் கார்டு போட்டவள், எல்லாத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் பாட்டு விற்க வந்தாள். காதுகுத்துக்குப் பாட்டு, சடங்குக்குப் பாட்டு, புதுக்கடை திறப்புக்குப் பாட்டு, வார்டு எலெக்சனுக்குப் பாட்டு. பாடுவது அவளில்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மிஷின். எந்த மாதிரிப் பாட்டு வேண்டும் என்று தமிழில் தட்டிக் கொடுத்தால், வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் மேளம், தாளம், குரல் எல்லாம் சேர்த்து அது பாடிக் கொடுத்துவிடும்.

ஆனால் அதனிடம் போய் ‘நல்ல பாட்டு ஒண்ணு குடு’ என்று கேட்டால் காரியம் நடக்காது என்பதை அவள் முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். ஜவுளிக்கடையில் ‘நல்லதா ஒரு சேலை குடுங்க’ என்று கேட்கிறவள் தலையில் போகாத சரக்கைத்தான் கட்டுவார்கள். பேர் சொல்லி, கரை சொல்லி, நூல் சொல்லிக் கேட்கிறவளுக்குத்தான் உள்ளே மடித்து வைத்ததை எடுத்துப் போடுவார்கள். மிஷினும் கடைக்காரன்தான் என்று முப்பிடாதி முடிவு கட்டினாள். அதனால் பாட்டுக்காரர்களின் சொற்களைத் தேடித்தேடி வாங்க ஆரம்பித்தாள். கல்யாண பேண்டு செட்டில் கிளாரிநெட் வாசிக்கிறவரிடம் சுருதிக்குக் ‘கட்டை’யையும் தாளத்துக்கு ‘நடை’யையும் வாங்கினாள், கோயில் நாயனக்காரரிடம் ‘சங்கதி’யை வாங்கினாள், மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பையனிடம் ‘ஹம்மிங்’, ‘கோரஸ்’, ‘இடையிசை’ மூன்றையும் மொத்தமாக வாங்கினாள். ஒரு டீக்கு ஒரு வார்த்தை. ஏற்கெனவே தெரிந்த வார்த்தையைச் சொன்னால் டீயில் சீனி கிடையாது. சங்கதி எது, சாம்பார் எது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டால் பாட்டுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது, போடாவிட்டால் சப்பென்று வருகிறது, அவ்வளவு தெரிந்தால் போதாதா? கடைசி வரியாக ஒவ்வொரு தடவையும் ‘குறையில்லாமல் வரவேண்டும்’ என்று தட்டிவிடுவாள். எடை போடுகிறவனைப் பார்த்துக் கண்ணை உருட்டுவது மாதிரி அது.

அன்றைக்குக் காலையில் பஞ்சர் ஒட்டுகிற பல்வேசம் கடை வாசலில் வந்து நின்றான். விடியும்போது அவனுடைய அம்மை குருவம்மா போய்விட்டிருந்தாள். அவளுக்கு அவன் ஒரே பிள்ளை, கல்யாணம் ஆகவில்லை, சொந்தக்காரர்கள் ஒரு வரப்புத் தகராறில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். சாவு விழுந்த துட்டி வீடு என்றால் தெருமுனையிலேயே அழுகை காதில் விழ வேண்டும். பல்வேசம் வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

“அக்கா, ஒரு ஒப்பாரி வேணும். கொட்டுக்காரன் வந்து நின்னுக்கிட்டு, வீடு மாறி வந்துட்டமோன்னு முழிக்கான்.”

“அதுக்கென்ன, பெத்த மக அழுத மாதிரிப் போட்டுருதேன்.”

“மக வேண்டாம்க்கா. எங்கம்மைக்கு மக கிடையாது. கடைசி நேரத்துல பொய்யா ஒரு மகளக் கொண்டு வைக்காதிய.”

“சரி, மருமக?”

“மருமக எங்க இருக்கா?”

“ஏலேய், முன்பாட்டு எடுத்துக் குடுக்க ஒருத்தி வேணும்லா? தலையில்லாத முண்டமா ஒரு பாட்டு வந்தா ஏங் கடை பேரு என்னத்துக்கு ஆகும்?”

“முன்னால காலியாவே கிடக்கட்டும்க்கா. பின்னால அழுத பொம்பளைய மட்டும் போடுங்க. அது போதும் எங்கம்மைக்கு.”

முப்பிடாதி பேரத்தில் தோற்பவளில்லை. கமிஷன்கடைக்காரனை அழ வைத்திருக்கிறாள், ஜவுளிக்கடைக்காரனைச் சத்தியம் பண்ண வைத்திருக்கிறாள். அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுத்தாள். இப்படித் தட்டினாள்:

ஒப்பாரி. நாலு கட்டை. நடை மெதுவாக. மேளம் வேண்டாம், மாரில் அடிக்கிற சத்தம் மட்டும். முன்பாட்டு இல்லை. கோரஸ் எட்டுப் பெண்கள், வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு. நூல் சேலை. வெகுதூரம் நடந்து வந்த குரல். குறையில்லாமல் வரவேண்டும்.

மிஷின் பாடிக் கொடுத்தது. கேட்டால் விநோதமாக இருந்தது. யாரோ ஒருத்தர் ஒரு வரி பாடி நிறுத்துவதற்கு வேண்டிய இடம் சும்மா கிடந்தது, அது கழிந்ததும் எட்டுக் குரல்கள் ஒன்றாக எழுந்து, ஒன்றுமே சொல்லாமல், அந்தச் சும்மா கிடந்த இடத்துக்குப் பதில் சொல்வதுபோல அழுதன. எட்டில் ஒரு குரல் மற்றவை நின்ற பிறகும் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தது. முப்பிடாதி அந்த இடத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். பென் டிரைவில் ஏற்றித் தானே கொண்டுபோய் ரேடியோ செட்டுக்காரனிடம் கொடுத்தாள்.

பாட்டு தெருவில் கேட்க ஆரம்பித்து ஒரு சுற்று முடிவதற்குள், டவுன் பஸ் பல்வேசம் தெருமுனையில் நின்றது. எட்டுப் பொம்பளைகள் இறங்கினார்கள். வெளுத்த நூல் சேலை, அவிழ்ந்த கொண்டை, புழுதி அப்பிய பாதம். துட்டி வீட்டுக்கு வருகிறவர்கள் தெருமுனையிலேயே தலையில் கை வைத்துக்கொண்டு வருவார்களே, அப்படியே வந்தார்கள். ஒருவரும் அவர்களை நிறுத்தவில்லை. துட்டிக்கு வருகிறவர்களை யார் எவரென்று விசாரிப்பது அந்த ஊர்ப் பக்கம் முறையில்லை. உள்ளே போய்க் குருவம்மாவைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்தார்கள், ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டார்கள், ஒலிபெருக்கியில் எந்த இடத்தில் அழுகை எழுந்ததோ அதே இடத்தில் அவர்கள் வாயிலும் எழுந்தது. அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஒலிபெருக்கி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

பிறகு அந்தச் சும்மா கிடக்கிற இடம் வந்தது. எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டு பல்வேசத்தைப் பார்த்தார்கள். ஆம்பிளைகள் ஒப்பாரி வைக்கிற வழக்கம் அங்கே கிடையாது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். பல்வேசம் தொண்டையைச் செருமினான், பஞ்சர் ஒட்டிக் கறுத்த கையால் முகத்தைத் துடைத்தான், பாடவே தெரியாத கரகரத்த குரலில் ஆரம்பித்தான்:

“எம்மா… கடைய அடைச்சு நான் வந்தா கதவு தொறக்க யாரு இருக்கா…”

“யாரு இருக்கா…” என்று எடுத்தார்கள் எட்டுப் பேரும்.

அதைக் கேட்டவர்கள் பிற்பாடு சொல்ல முயன்று முடியாமல் விட்டதெல்லாம் உண்டு. பாடத் தெரியாதவன் போட்ட அந்த ஒற்றை வரி, எட்டுத் தொண்டைகள் வழியாகப் போய்த் திரும்பி வந்தபோது, குருவம்மா ஒருத்திக்கானதாக இல்லை. வாசலில் இருந்தவர்கள், தெருவில் போனவர்கள், பஸ்ஸை எடுக்காமல் நின்ற டிரைவர், எல்லாருடைய பூட்டிக்கிடந்த கதவுகளுக்கும் அது கேள்வியாக இருந்தது. வரப்புத் தகராறுக்காரர்கள் அடுத்த தெருவிலிருந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து வாசலில் விழுந்து அழுதார்கள். கொட்டுக்காரன் கொட்டை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

முப்பிடாதி மட்டும் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கூடுதல் இழுப்பு, அது அவள் காலையில் கேட்டது. இழுத்தவள் வட்டத்தில் மூன்றாவதாக இருந்தாள், ஒல்லியாக, கழுத்து நரம்பு புடைத்து. முப்பிடாதி வெளியே ஓடி வந்து, துட்டி வீட்டுக்குக் காப்பி கொண்டுவந்து நின்ற செய்யது பாயின் கையைப் பிடித்தாள்.

“பாய், இவளுவ நான் மிஷின்ல தட்டுன பொம்பளைய.”

“ஆமா, அதுக்குத்தான காசு வாங்குன?”

“யோவ், நான் பாட்டுக்குத்தான் வாங்குனேன்!”

“கோரஸ் எட்டுப் பேருன்னு நீதான தட்டுன. ஏழு பேரு வந்திருந்தா கேக்கலாம்” என்றார் செய்யது பாய். சந்தேகம் தீர்ந்துவிட்ட முகத்தோடு போய்ச் சாவுக்கு வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினார்.

குருவம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பதினாறாம் நாள் விசேஷமும் முடிந்தது. துட்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது, வீட்டுக்காரர்களும் போய்வாருங்கள் என்று சொல்லக் கூடாது. மெல்ல எழுந்து திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். எல்லாரும் அப்படியே போனார்கள். எட்டுப் பேர் மட்டும் இருந்தார்கள். யாராவது எடுத்துக் கொடுத்தால் பின்னால் வருவதுதான் அவர்களுக்குத் தெரியும்; எழுந்து போவதற்கு ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கவில்லை, எடுத்துக் கொடுத்தால் அது துட்டி வீட்டு முறைக்குக் குற்றம். வாய்த்துடுக்கான ஒரு கிழவர் மட்டும் துணிந்து, “சரி தாயிகளா, எந்த ஊரு உங்களுக்கு?” என்று கேட்டார். “எந்த ஊரு உங்களுக்கு…” என்று எட்டுப் பேரும் மேலும் கீழுமாக ஒரு ராகத்தில் திருப்பிப் பாடியதும், கிழவர் தன்னுடைய ஊர் எதுவென்று யோசித்துப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஊர் அவர்களைப் பங்குபோட்டுக் கொண்டது. பல்வேசத்தின் பெரியம்மை வீட்டில் இரண்டு பேர், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் இரண்டு பேர், பூக்கடையில் ஒருத்தி, பரோட்டாக் கடையில் வெங்காயம் உரிக்க ஒருத்தி, கோயில் வாசலில் ஒருத்தி. அந்த இழுவைக்காரியை மட்டும் முப்பிடாதி, “இவ ஏஞ் சரக்கு, நான் கொண்டு போறேன்” என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இழுவை என்றே பேரும் ஆனது.

சீக்கிரத்திலேயே ஊருக்கு அவர்கள் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளுக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் எடுத்தால் பிள்ளைகள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தாண்டி, பாடப் புத்தகத்தில் இல்லாத வாய்ப்பாடுகளுக்குள் போனார்கள். பூக்கடைக்காரி ‘மல்லி, மல்லி’ என்று கூவினால் பின்னால் எழுகிற ‘மல்லி’யில் வாடிய சரமும் நிமிர்ந்தது. ஒரு சிக்கலும் இருந்தது. மனசிலிருந்து வராத சொல்லை அவர்கள் எடுக்க மாட்டார்கள். கட்டுபடியாகாது என்று வியாபாரி சொல்வான், பின்பாட்டு வராது, எல்லாரும் சிரிப்பார்கள். ஆகவே பேரம் பேசுகிறவர்கள் அவர்கள் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப்போய்ப் பேசினார்கள். கவுன்சிலர் ஒரு கூட்டத்தில் அவர்களை மேடைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பேசினார். ஒரு வார்த்தைக்குக்கூட வாய் திறக்கவில்லை. கடைசியில் கால் வலி தாங்காமல் “அம்மாடி” என்று உட்கார்ந்தார் பாருங்கள், அதற்கு எழுந்தது ஒரு பின்பாட்டு, கூட்டமே எழுந்து நின்றது.

முப்பிடாதி சொல்லில் ஒன்றையும் இழுவை விட்டதில்லை. முப்பிடாதி வாயைத் திறந்தால் சண்டை, சண்டை என்றால் முழுமனசோடு. பஸ் ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவன் கடையைக் காலி பண்ணச் சொல்லி ஆள் அனுப்பியபோது அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, “நான் ராத்திரி பகலா நின்னு உண்டாக்குன கடைடா இது!” என்றாள்.

“ஆமா…” என்றாள் இழுவை.

மற்ற ஏழு பேரும் கடைசிச் சொல்லைத்தான் எடுப்பார்கள். ‘ஆமா’ என்பது இழுவையின் தொண்டையில் மட்டும் வந்தது, அதுவும் முப்பிடாதிக்கு மட்டும். அந்த ‘ஆமா’ தரையிலிருந்து கிளம்பி முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஏறி உச்சந்தலை வழியாக வெளியே போனது. வந்தவன் திரும்பிப் போய்விட்டான். முப்பிடாதி ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாள். புருஷன் விட்டுப்போன வழக்கில் பஞ்சாயத்துக் கூடியபோது, கூடப் பிறந்தவர்கள் உட்பட ஒரு கூட்டமே உட்கார்ந்திருந்தது. அவள் சொன்னதற்கு ஆமா போட ஒரு வாய் திறக்கவில்லை. அன்றையிலிருந்து அவள் தன் பேச்சுக்குத் தானே முன்பாட்டு, தானே பின்பாட்டு. குரல் தடித்துப்போனது அதனால்தான். இப்போது காய்கறிக்காரனிடம் ஒரு முருங்கைக்காய்க்குச் சண்டை போட்டாலும் பின்னால் ஒருத்தி நிற்கிறாள், ஆமா என்கிறாள். ராணி மாதிரி இருந்தாள் முப்பிடாதி. சோற்றைப் பிசைந்து இழுவைக்கு முதலில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டாள்.

அப்படி ஐப்பசி போய்க் கார்த்திகை வந்த சமயத்தில் மிஷின் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. பழைய மிஷினை நிறுத்திவிட்டுப் புது மிஷின் கொண்டுவருகிறார்களாம், பழையதில் உண்டாக்கின பாட்டுகள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு அழிக்கப்படுமாம், வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்க வேண்டுமாம்.

முப்பிடாதி அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இழுவை கடை வாசல் வெயிலில் நின்று சேலை உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் வழியாக எதிரே சுவரில் ஒட்டியிருந்த சினிமா போஸ்டர் லேசாகத் தெரிந்தது.

ஊர் கூடியது. செல்போன் வைத்திருந்த ஒவ்வொருத்தரும் அந்த ஒப்பாரியைத் தங்கள் போனில் ஏற்றிக்கொண்டார்கள், பத்திரமாக இருக்கட்டும் என்று சாமி உண்டியலுக்குள் ஒரு பென் டிரைவ் போட்டார்கள். பிரயோஜனம் இல்லை. பூக்கடையில் இருந்தவள் தொடுத்த சரத்தில் பூக்கள் முடிச்சில்லாமல் உதிர்ந்தன. வெங்காயம் உரிக்கிறவள் நின்ற இடத்தில் செய்யது பாய் தெரியாமல் தட்டை நீட்டினார், தட்டு அவள் ஊடே போய்த் திரும்பியது. பாய் தொழுகைக்குப் போய் வெகுநேரம் திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரையும் பாட்டுக்கடை முன்னால் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்தார்கள், தோளில் கை போட்டார்கள். கை தோளில் தங்காமல் நழுவியது. பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தலை. முப்பிடாதி புது மிஷினைத் திறந்தாள். பழைய பாட்டைப் புதுசாக எழுதிக்கொள்ள வழி இருந்தது. பழைய வரிகளை அப்படியே தட்டினாள். மிஷின் வாங்கிக்கொள்ளவில்லை. முன்பாட்டு இல்லாத கோரஸை இனி உண்டாக்க முடியாது, முன்பாட்டு யார் என்று குறிப்பிடவும் என்று எழுதிக் காட்டியது.

“யாரையாச்சும் போடுட்டி, நேரமாகுது!” என்றது கூட்டம்.

“யாரைப் போட?”

அங்கேதான் சத்தம் கிளம்பியது. மிஷினில் பேர் ஏறுகிறவருக்குப் பின்னால் எட்டுப் பேரும் ஆயுசுக்கும் நிற்பார்கள் என்பது எல்லாருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. “வார்டுக்கு நான் பொதுவான ஆளு” என்றார் கவுன்சிலர். “ஒமக்கு அம்மாடிக்கு மேல ஒண்ணும் வராதுவே, உக்காரும்” என்றார் செய்யது பாய். ‘எங்க வீட்டுலதான் ரெண்டு பேரு இருந்தாக’ என்றார்கள், ‘சாமி பேரைப் போடு’ என்றார்கள். பல்வேசம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“எல்லாரும் வாய மூடுங்க. அவங்கள அழைச்சது முப்பிடாதியக்கா. அவுக பேரைத்தான் போடணும்.”

கூட்டம் தலையை ஆட்டியது. முப்பிடாதி தன் பேரைத் தட்டினாள். எழுத்து திரையில் நின்றது. எட்டு வாய். ஆயுசுக்கும் ஆமா. பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் மூஞ்சியும் அவளுக்கு நினைவு வந்தது. எட்டு ஆமாவை அவர்கள் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது விரல் நுனி சூடாக இருந்தது.

அமுக்குவதற்கு முன்னால், எந்த வியாபாரத்திலும் கடைசியில் எதிராளி முகத்தைப் பார்க்கிற பழக்கத்தில், இழுவையைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, இது ஒனக்குச் சம்மதந்தானா?”

“ஆமா…” என்றாள் இழுவை. குரல் மட்டும்தான் இருந்தது, முகம் புகைமாதிரி.

“நான் சொல்லுததுக்கு ஆமா போடாத. ஒனக்கு என்ன வேணும்? சொல்லு.”

“ஆமா…”

முப்பிடாதிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். “வாயைத் தொறந்து கேளுட்டி! கூலி கேட்டியா? சோத்துல உப்பு இல்லன்னு சொன்னியா? பாய் வேணும், தலையாணி வேணும்னு ஒரு நாளாச்சும் கேட்டியா? ஏங்கிட்ட இருக்கதெல்லாம் நான் வாயத் தொறந்து கேட்டு வாங்குனது! கேக்கத் தெரியாத ஒருத்திய எம் பின்னால நிறுத்திக்கிட்டு நான் யாருகிட்டட்டி நியாயம் கேப்பேன்?”

“ஆமா…” என்றது புகை, அழகாக, இழுத்து.

முப்பிடாதி நின்றபடியே திரைப் பக்கம் திரும்பினாள். தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். பிறகு, டீ வாங்கிக் கொடுத்துச் சேர்த்த சொற்களையெல்லாம் மனசுக்குள் கொட்டி, வேண்டியதைப் பொறுக்கி, சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினாள்:

கோரஸ் இல்லை. எட்டு முன்பாட்டு. ஒவ்வொருத்திக்கும் வேறு கட்டை, வேறு நடை, வேறு பாட்டு. யாரும் யாருக்கும் பின்னால் பாட வேண்டியதில்லை. நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். என்ன பாட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

“முப்பிடாதியக்கா, அப்படித் தட்டுனா அது பாட்டாவே இருக்காதே!” என்று கத்தினான் கீபோர்டுக்காரப் பையன்.

“இருக்காட்டிப் போகுது” என்று அமுக்கினாள்.

வந்தது பாட்டில்லைதான். சந்தை மாதிரி, திருவிழாவில் காணாமல்போன பிள்ளைகளைத் தேடுகிறவர்கள் மாதிரி, எட்டுத் திக்கில் எட்டுக் குரல் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு ஒலிபெருக்கியிலிருந்து விழுந்தன. ஆனால் அந்த இரைச்சலுக்குள் காது கொஞ்சம் பழகினதும், இருட்டுக்குள் கண் பழகினதும் ஒவ்வொரு சாமானாகத் தெரிவதுபோல, ஒரு குரல் சிரிப்பதும் ஒரு குரல் கணக்குக் கேட்பதும் ஒரு குரல் யாரையோ தேடிக் கூப்பிடுவதும் தனித்தனியாக விளங்க ஆரம்பித்தன. நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள், டிரைவர்கள் என்ஜினை அணைத்தார்கள், குழந்தைகள் அழுகையை நிறுத்திவிட்டு வாய் பிளந்தார்கள், ஏனென்றால் உலகத்தில் முதல் தடவையாக மனுசர் வாய் திறந்தபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று அங்கே நின்ற அத்தனை பேருக்கும், படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும், ஒரே நேரத்தில் தோன்றியது. எட்டுப் பேரின் நிழலும் தரையில் விழுந்தது. அதுவரை அவர்களுக்கு நிழல் இல்லை என்பதே அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

கோயில் வாசலில் இருந்தவள் முதலில் எழுந்தாள். “எனக்குச் சாமியும் வேண்டாம், வாசலும் வேண்டாம்; கடலப் பாக்கணும்” என்று திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வெங்காயம் உரித்தவள் செய்யது பாயைப் பார்த்து, “கண்ணு எரியுது பாய், இனி நான் மாவு பிசையுதேன், வெங்காயத்த நீங்க உரிங்க” என்றாள். பாய் அழுதுகொண்டே தலையை ஆட்டினார். பல்வேசத்தின் பெரியம்மை வீட்டில் இருந்தவள் ஒருத்தி, யாரும் எடுத்துக் கொடுக்காமல், தன் அம்மையை நினைத்து ஒரு வரி எடுத்தாள். அம்மை இருந்தாளா, எந்த ஊரில் இருந்தாள் என்று கேட்பாரில்லை. பல்வேசம் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து கடைசிச் சொல்லை வாங்கிப் பாடினான்.

முப்பிடாதி கடைக்குள்ளேயே இருந்தாள். வெளியே வரப் பயமாக இருந்தது. ஒல்லியான ஒரு நிழல் வாசற்படியில் ஏறியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெற்றியில் வேர்வை இருந்தது, காலடியில் பலகை கிரீச்சிட்டது.

“வா, இழுவை” என்றாள் முப்பிடாதி. “நான் செஞ்சது சரிதான?”

வந்தவள் நெற்றி வேர்வையை வழித்தாள். பிறகு, “எம் பேரு இழுவை இல்ல” என்றாள். குரலில் இழுப்பே இல்லை. கத்தரித்த மாதிரி இருந்தது.

முப்பிடாதிக்கு வாய்க்குள் பதிலுக்குப் பதில் ஏழெட்டு வந்து நின்றது. ஒன்றையும் வெளியே விடவில்லை.

“பெறவு என்ன பேரு?”

“இன்னும் முடிவு பண்ணல. யோசிக்கணும்.”

“இன்னைக்கே சொல்லிருவியா?”

“அவசரப்படுத்தாதிய.”

முப்பிடாதி உதைத்துத் தள்ளிய ஸ்டூலை எடுத்து, முந்தானையால் துடைத்து, அவளுக்குப் போட்டாள். பிறகு தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எந்தக் கடைக்காரன் வாயிலிருந்தும் விலை வரும்வரை ஒரு நாளும் பொறுத்திருந்து பழகாதவள், அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.